எலிக்குக் குணமானது, பையனுக்கு?

1947 அக்டோபரில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்தில் காடுகள் மழையில்லாமல் காய்ந்து கிடந்தன. மவுண்ட் டெஸர்ட் என்ற தீவில் பற்றிய தீ பல நாட்கள் எரிந்தது. கோடீஸ்வரர்களின் கோடைக்கால மாளிகைகளைச் சாம்பலாக்கியது. போகிற போக்கில் பார் ஹார்பர் என்ற சிற்றூரில் இருந்த ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தையும் விழுங்கியது. அங்கே கூண்டுகளில் இருந்த பல்லாயிரம் சுண்டெலிகள் கருகிப்போயின. அண்ணன் தங்கை உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும்படி இருபது முப்பது வருடங்களாக வளர்த்த பரம்பரைகள் அவை.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த ஆய்வுக்கூடம் 1930-களிலிருந்தே மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு எலி விற்றுவந்தது. தீ விபத்துச் செய்தி பரவியதும், முன்பு வாங்கியவர்கள் தங்களிடம் இருந்த வாரிசுகளைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் எலிகள் வந்து சேர்ந்தன. கொடுத்து வைத்திருந்ததால் திரும்பக் கிடைத்தது. பூட்டி வைத்திருந்தால் அந்தப் பரம்பரைகள் அன்றோடு முடிந்திருக்கும்.

இன்று அதே ஆய்வுக்கூடத்தின் பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எலி வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஓடியாடும் எலிகள் அல்ல. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும் விந்தும் கருவும். உலகின் எந்த மூலையில் இருக்கும் ஆராய்ச்சியாளரும் எண்ணைக் குறிப்பிட்டு ஆர்டர் கொடுக்கலாம். புற்றுநோய் எலி, சர்க்கரை வியாதி எலி, மறதி நோய் எலி எல்லாம் கிடைக்கும். எலும்பும் தசையும் கெட்டுப்போன எலிகள் அதில் ஒரு தனிப் பிரிவு. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மருந்து கம்பெனியும் தனக்கென்று ஒரு எலியைப் படைத்துப் பராமரிக்க வேண்டுமென்றால் காசும் காலமும் கட்டுப்படியாகாது. அதனால்தான் இந்தப் பொதுக் களஞ்சியம். இதே போன்ற அமைப்புகள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உண்டு. ஆனால் முன்னோடி பார் ஹார்பர்தான்.

அதை 1929-ல் நிறுவிய கிளாரன்ஸ் குக் லிட்டில் ஒரு விசித்திரப் பிறவி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியை விட்டுவிட்டு எலி வளர்க்கப் போனவர். டெட்ராய்ட்டின் கார் முதலாளிகள் பணம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ராஸ்கோ ஜாக்ஸனின் பெயர்தான் ஆய்வுக்கூடத்துக்கு. ஆரம்பித்த கையோடு பொருளாதார வீழ்ச்சி வந்தது. நன்கொடை வற்றியது. வயிற்றுப்பாட்டுக்காகத்தான் எலி விற்பனையே தொடங்கியது. தர்ம சிந்தனையில் பிறந்த திட்டம் அல்ல அது. (புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயரெடுத்த இதே லிட்டில், 1954 முதல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பது வேறு கதை. எலியின் மரபை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவருக்குப் புகையிலையின் குற்றம் கண்ணில் படவில்லை.)

உலகில் மிக அதிகமாகப் பயன்படுத்தப்படும் ஆய்வுக்கூட எலியின் பெயர் சி57 பிளாக் 6. பெயரில் இருக்கும் 57 ஒரு பெண் எலியின் எண். மாஸசூஸெட்ஸில் கிரான்பி என்ற ஊரில் அபி லேத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை, கோழி வளர்த்து நஷ்டப்பட்டு, பிறகு அழகுக்காக எலி வளர்ப்பவர்களுக்கு எலி விற்றுவந்தார். பிறகு விஞ்ஞானிகளும் அவரிடம் வாங்க ஆரம்பித்தார்கள். அவரிடமிருந்து வந்த 57-ம் எண் பெண்ணையும் 52-ம் எண் ஆணையும் 1921-ல் லிட்டில் இணைசேர்த்ததில் தொடங்கியது இந்தப் பரம்பரை. லேத்ராப் அதற்கு மூன்று வருடங்கள் முன்பே இறந்துவிட்டார்.

தமிழ்ப் பத்திரிகைகளில் ஆராய்ச்சிச் செய்தி எழுதுகிறவர்களுக்கு எலி எப்போதும் ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் பெரிய எலிக்கும் சிறிய எலிக்கும் தனித்தனிப் பெயர். தமிழில் இரண்டையும் எலி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஓடும் சின்னது சுண்டெலி. இந்தக் கட்டுரையில் எலி என்றால் அதுதான். வேடிக்கை என்னவென்றால், தசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே லத்தீனில் சுண்டெலி என்ற பொருளில் பிறந்தது. புஜத்தை மடக்கும்போது தோலுக்கடியில் உருண்டு ஓடுவது அவர்கள் கண்ணுக்கு எலியாகப் பட்டிருக்கிறது. தமிழன் கண்ணுக்கு அது மீனாகப் பட்டது. முழங்காலுக்குக் கீழே பின்புறம் புடைத்திருப்பதைக் கெண்டைக்கால் என்று சொல்வது அதனால்தான்.

எலித் தசை ஆராய்ச்சியின் பெரும் பகுதி அந்தக் கெண்டைக்காலில்தான் தொடங்குகிறது. ஒரு பையன் மூன்று நான்கு வயதுவரை சாதாரணமாகத்தான் இருப்பான். பிறகு ஓடும்போது அடிக்கடி விழுவான். மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவான். ஆனால் கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்குப் போலப் பருத்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் பார்த்து மகிழ்ந்துபோவதும் உண்டு. அந்தப் பருமனில் பெரும்பகுதி தசையல்ல. தசை அழிந்த இடத்தில் சேர்ந்த கொழுப்பும் நாரும். தரையில் உட்கார்ந்தவன் எழும்போது முழங்காலில் கையை ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே தான் ஏறுவதுபோல எழுவான். 1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ் இதை எழுதிவைத்தார். நோய்க்குப் பெயர் கொடுத்தவர் பிரெஞ்சு டாக்டர் டூஷேன், 1860-களில் விவரித்தார். பெரும்பாலான பையன்கள் பன்னிரண்டு வயதை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு மூச்சுத் தசைகள், இதயம்.

பிறக்கும் ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்பது உலகளவில் சொல்லப்படும் கணக்கு. இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 1.2 கோடி ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. குறைந்தபட்சக் கணக்கிலேயே வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வருகிறது. கோளாறு எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும் என்பதால் குடும்பத்தில் பழி யார் மீது விழும் என்று சொல்லத் தேவையில்லை. உண்மையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பையன்களின் தாய்க்கு அந்தப் பிழை கிடையாது; அந்தக் குழந்தையிலேயே புதிதாக ஏற்பட்டது. இதை மாமியாருக்கு யார் விளக்குவது?

இந்த நோய்க்கு எலி தேடிய வரலாறு நீண்டது. தீயிலிருந்து மீண்டு எழுந்துகொண்டிருந்த ஜாக்ஸன் கூடத்தில் 1951-ல் ஒரு எலி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்வதைக் கவனித்தார்கள். தசை சிதைந்திருந்தது. யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல. இயற்கை தானாகச் செய்த பிழை. 1955-ல் விவரம் வெளியாயிற்று. தசைச் சிதைவு ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் எலி என்பதால் உலகம் முழுவதும் அதற்குக் கிராக்கி. எண்ணற்ற கட்டுரைகள் அதன் கால்களை வைத்து எழுதப்பட்டன. 1994-ல் அதன் நிஜமான கோளாறு தெரியவந்தது. தசை இழையைச் சுற்றியுள்ள உறையில் இருக்க வேண்டிய லாமினின் என்ற புரோட்டீன் வகை ஒன்று அதற்குக் குறைவு. குழந்தைகளுக்கு அதனால் வரும் தசைச் சிதைவு உண்டு, அதுவும் கொடியதுதான். ஆனால் அது டூஷேன் அல்ல. நாற்பது வருடங்களுக்குப் பிறகு தெரிந்த விஷயம் இது.

சரியான எலி வேறொரு இடத்தில் கிடைத்தது, அதுவும் தேடாமலே. ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் என்ற ஊரில் இருந்த கோழி ஆராய்ச்சி மையத்தின் கிரஹாம் புல்ஃபீல்டும் சகாக்களும், எலி ரத்தத்தில் சில என்ஸைம்களின் அளவில் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சி57 பிளாக் 10 என்ற வகை எலிகள் சிலவற்றில் தசையிலிருந்து கசியும் என்ஸைம் எக்கச்சக்கமாக இருந்தது. பார்வைக்கு எலி நன்றாகத்தான் இருந்தது. தசையை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிதைவு. பிழை எக்ஸ் குரோமோசோமில். 1984-ல் அறிவித்தார்கள், எம்.டி.எக்ஸ். என்று பெயர். அடுத்த மூன்று வருடங்களுக்குள் அமெரிக்காவில் லூயி குங்க்கெலின் குழு டூஷேன் நோயின் மரபணுவையும், அது தயாரிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரோட்டீனையும் கண்டுபிடித்தது. நோயுள்ள பையன்களின் தசையில் அந்தப் புரோட்டீன் இல்லை. எம்.டி.எக்ஸ். எலியின் தசையிலும் இல்லை. எலி ஊர்ஜிதமாயிற்று.

டிஸ்ட்ரோஃபின் செய்யும் வேலை எளிமையானது. தசை செல்லுக்குள் இருக்கும் சட்டத்தை வெளிச் சவ்வோடு பிணைக்கும் கயிறு போன்றது அது. அது இல்லாவிட்டால் தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு தடவையும் சவ்வு கிழியும். கால்ஷியம் உள்ளே பாயும். செல் சாகும். ஆனால் அதைத் தயாரிக்கும் மரபணு ராட்சதம். 20 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகள், 79 எக்ஸான்கள். மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று. அதனால்தான் அதில் பிழை விழுவதும் எளிது, முழுசாகத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொரு செல்லில் வைப்பதும் கஷ்டம்.

ஜாக்ஸன் பட்டியலில் 001801 என்ற எண்ணில் இருக்கும் இந்த எலிதான் நாற்பது வருடங்களாக இந்த ஆராய்ச்சியின் உழைப்பாளி. சிக்கலும் அதோடுதான் வந்தது. எலி சாவதில்லை. மூன்று வார வயதில் அதன் தசை பெருமளவு அழிகிறது. பிறகு புதிதாக முளைக்கிறது. ஓடுகிறது, குட்டி போடுகிறது, சாதாரண எலியைவிடக் கொஞ்சம் குறைவாக, ஏறக்குறைய இரண்டு வருடம் வாழ்கிறது. அதன் உதரவிதானம் மட்டும் பையன்களுடையதைப் போலவே நாளாக நாளாகச் சீர்கெடுகிறது என்று 1991-ல் கண்டார்கள். யூட்ரோஃபின் என்ற பங்காளிப் புரோட்டீன் எலியில் டிஸ்ட்ரோஃபினின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. அதையும் சேர்த்து நீக்கிய எலிகள் 1997-ல் உருவாக்கப்பட்டன. அவை கூன் விழுந்து, சில மாதங்களில் இறந்துபோகின்றன.

குணமடையத் தயாராக இருக்கும் பிராணியிடம் மருந்தைச் சோதித்தால் என்ன ஆகும்? மருந்து பலிக்கும். எம்.டி.எக்ஸ். எலியில் பலித்த மருந்துகளின் பட்டியல் மிக நீளம். பையன்களிடம் பலித்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். தசை வளர்ச்சிக்குப் பிரேக் போடும் மயோஸ்டாடின் என்ற புரோட்டீனைத் தடுத்தால் எம்.டி.எக்ஸ். எலி பலசாலியாகிறது என்று 2002-ல் கண்டார்கள். அதே வழியில் ஒரு பெரிய மருந்து கம்பெனி பையன்களிடம் நடத்திய சோதனை 2018-ல் பலனில்லாமல் நின்றது. யூட்ரோஃபினை அதிகப்படுத்தும் மருந்தும் அதே வருடம் அதே கதிக்கு ஆளாயிற்று. மாறாக, இன்றுவரை இந்த நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்தான ஸ்டீராய்டு பையன்களிடமே சோதிக்கப்பட்டு நிலைபெற்றது. பிரெட்னிஸோன் பலனளிப்பதை உறுதிசெய்த ஆய்வு 1989-ல் வந்தது. எலி அங்கே சாட்சி சொல்லவில்லை.

ஆகவே எலியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் எலும்பின் கதையையும் கேட்க வேண்டும். 1990-களில் கலிஃபோர்னியாவின் ஆம்ஜென் கம்பெனி விஞ்ஞானிகள், என்ன வேலை செய்கின்றன என்றே தெரியாத மரபணுக்களை ஒவ்வொன்றாக எலிகளுக்குள் அளவுக்கு மீறி இயங்கவைத்து, பிறகு எலிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஒரு மரபணு ஏற்றிய எலிகளின் எலும்பு படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது. எலும்பு அடர்ந்து இறுகியிருந்தது. ஆஸ்டியோபுரோடெகரின் என்று பெயரிட்டு 1997-ல் வெளியிட்டார்கள். (ஜப்பானில் அதே பொருளைத் தனியாகக் கண்டுபிடித்தது ஒரு பால் கம்பெனி என்றால் நம்பச் சற்றுக் கஷ்டம்தான்.) மறுவருடம் அந்த மரபணுவை நீக்கிய எலிகள் வந்தன, அவற்றின் எலும்பு உளுத்துப்போய் முறிந்தது. போட்டால் இறுகுகிறது, எடுத்தால் உளுக்கிறது. இதைவிடத் தெளிவாக ஒரு பிராணி பேச முடியாது. எலும்பை அரிக்கும் செல்களை எந்தச் சமிக்ஞை தூண்டுகிறது என்பது அங்கிருந்து விளங்கியது. அதைத் தடுக்கும் டெனோஸுமாப் ஊசிக்கு 2010-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. இப்போது இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்ந்து, இடுப்பு முறியும் பயத்தில் வாழும் பெண்கள் மதுரையிலும் லக்னோவிலும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

முடக்குவாதத்துக்கும் இப்படி ஒரு எலி உண்டு. ஏதென்ஸில் ஜார்ஜ் கொல்லியாஸின் குழு மனிதனின் டி.என்.எஃப். என்ற வீக்கப் புரோட்டீனை எலிக்குள் ஓயாமல் சுரக்கவைத்தது. எலிகளுக்குக் கைகால் மூட்டுகள் வீங்கி முறுக்கிக்கொண்டன. அந்தப் புரோட்டீனை மடக்கும் ஆன்டிபாடி கொடுத்ததும் நோய் வரவில்லை. இது 1991-ல். லண்டனில் நோயாளிகளிடம் அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் தைரியம் அதை ஒட்டிய வருடங்களில்தான் வந்தது.

எலும்பில் வென்ற எலி தசையில் ஏன் தடுமாறுகிறது? ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு எலி நேர்மையாகப் பதில் சொல்லும். ஒரு சிகிச்சை போதுமா என்ற கேள்விக்கு அதன் பதிலை நம்ப முடியாது. எலியின் எடை இருபத்தைந்து முப்பது கிராம். பையனின் எடை அதைப் போல ஆயிரம் மடங்கு. எலியின் கால் தாங்கும் சுமை எங்கே, பள்ளிப் பை தூக்கும் பையனின் கால் தாங்கும் சுமை எங்கே?

இந்த வித்தியாசம் வெறும் கணக்கல்ல என்பதை 2025 காட்டியது. 1990-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார்கள். டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் குறியீட்டில் 46 சதவீதம் இல்லாதவர். ஆனால் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார். பாதிப் புரோட்டீன் இருந்தாலே போதும் என்றால் அந்தப் பாதியை மட்டும் ஒரு வைரஸில் ஏற்றி அனுப்பலாமே என்ற யோசனை அப்படிப் பிறந்தது. இன்னும் சுருக்கினார்கள். 2000-க்குப் பிறகு எம்.டி.எக்ஸ். எலிகளிடம் பிரமாதமாக வேலை செய்தது. அந்த வழியில் வந்த எலிவிடிஸ் என்ற சிகிச்சைக்கு அமெரிக்கா 2023 ஜூனில் அனுமதி தந்தது. விலை 32 லட்சம் டாலர். ரூபாயில் இருபத்தைந்து கோடிக்கு மேல். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 133 லட்சம் கோடி வைரஸ் துகள்களை ஏற்ற வேண்டும். எலிக்கு அது ஒரு சொட்டு. வளர்ந்த பையனுக்கு? 2025-ல் நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பையன்கள் சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அந்த மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. இன்னும் நடந்துகொண்டிருக்கும் பையன்களின் பெற்றோர், கால் ஓயும் முன் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்துக்கும் கல்லீரல் பயத்துக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

எலிக் கூடத்துக்குள் போனால் வேறொரு கணக்கு. அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. காற்று வடிகட்டி வரும் தனித்தனிப் பிளாஸ்டிக் கூண்டுகள். உள்ளே போகிறவர்கள் உடை மாற்றி, முகமூடி போட்டு, ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதுபோலப் போக வேண்டும். எலி இருபது நாள் சினை. ஆறு முதல் எட்டுக் குட்டி. மூன்று வாரத்தில் பால் மறக்கும். அடுத்த சில வாரங்களில் தானே தாயாகும். குட்டிகளின் வால் நுனியிலோ காதிலோ துளி திசு எடுத்து எதற்கு எந்த மரபணு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். யூட்ரோஃபினும் டிஸ்ட்ரோஃபினும் இல்லாத எலி வேண்டுமென்றால், பெற்றோர் இரண்டுக்கும் டிஸ்ட்ரோஃபின் கிடையாது, ஆளுக்கு ஒரு யூட்ரோஃபின் பிரதி மட்டும் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், மெண்டல் விதிப்படி நான்கு குட்டிக்கு ஒன்றுதான் தேறும். மற்ற மூன்று? சில இனப்பெருக்கத்துக்குப் போகும், சில ஒப்பீட்டுக்குப் போகும். மிச்சம் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவுக்குப் போகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இந்த மிச்சம் இடம்பெறுவதில்லை.

பொதுக் களஞ்சியத்துக்கு ஆதரவான வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. ஐம்பது ஆய்வுக்கூடங்கள் தனித்தனியாக ஒரே எலியை வருடக்கணக்கில் வளர்த்தால் ஐம்பது மடங்கு மிச்சம் சாகும். ஒரே இடத்தில் விந்தை உறையவைத்து, தேவைப்படும்போது மட்டும் எழுப்பினால் அந்த எண்ணிக்கை சரியும். இன்னொரு பயனும் உண்டு. எலிப் பரம்பரை தனியாக விடப்பட்டால் தலைமுறைக்குத் தலைமுறை சத்தமில்லாமல் மாறும். 1951-ல் ஜாக்ஸன் கூடத்திலிருந்து அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனத்துக்குப் போன சி57 பிளாக் 6 எலிகளும், பார் ஹார்பரிலேயே தங்கிவிட்டவையும் இன்று ஒன்றல்ல. தங்கிய கிளையில் செல்லின் சக்தி உற்பத்தியோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவே பழுது. இரு கிளைகளையும் கலந்து சோதனை செய்தவர்களின் முடிவு எவ்வளவு பிசகியிருக்கும்? தசை நோய் எலிகளைச் சோதிக்க ஒரே மாதிரியான செய்முறை வேண்டும் என்று ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பிடிமான பலம் அளப்பது எப்படி, எந்த வயதில் தசை எடுப்பது என்றெல்லாம் எழுதிவைத்ததற்கு இந்தக் குழப்பங்களே காரணம்.

பகிர்வதைக் காசு தடுத்த கதையும் உண்டு. வேண்டிய தசையில் மட்டும், வேண்டிய வயதில் மட்டும் ஒரு மரபணுவை நீக்க உதவும் கிரே-லாக்ஸ் என்ற உத்தி டூபாண்ட் கம்பெனியின் கையில் இருந்தது. அதன் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டால் எலியைச் சக விஞ்ஞானிக்குக் கொடுக்கக்கூட யோசிக்க வேண்டிய நிலை. 1998-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் டூபாண்டோடு ஒப்பந்தம் செய்து, லாப நோக்கில்லாத ஆராய்ச்சிக்கு வழிவிட்டது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இன்றைய எலும்பு, தசை எலிகளில் பலவற்றைப் பட்டியலில் பார்க்க முடியாது.

இந்தியாவில் அதே 1998 வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. விலங்குகளை வளர்ப்பதற்கும் அவற்றின் மீது சோதனை நடத்துவதற்குமான விதிகள் அந்த வருடம் வந்தன. பதிவு செய்யாத இடத்தில் சோதனைக்காக எலி வளர்க்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு வேண்டும். அதற்கான மத்தியக் கமிட்டியின் தலைமையில் அப்போது மேனகா காந்தி இருந்தார். விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். இன்று நிதானமாகப் பார்த்தால், கேட்பாரற்றுக் கிடந்த பல எலி அறைகளுக்கு அது அவசியமான வைத்தியம் என்றே தோன்றும். மரபணு மாற்றிய எலி என்றால் 1989 சுற்றுச்சூழல் விதிகளின்படி இன்னொரு அனுமதியும் தேவை. வெளிநாட்டிலிருந்து வந்தால் தனிமைப்படுத்தி நோய்ச் சோதனை வேறு. இத்தனையும் முடிந்து எலி வருவதற்குள் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக் காலம் பாதி கரைந்துவிடுகிறது.

அதனால்தான் உள்நாட்டிலேயே எலி செய்வது அர்த்தமுள்ளதாகிறது. பெங்களூரில் பெல்லாரி சாலையில் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயிரியல் மையமும் அதன் பக்கத்து நிறுவனமும் சேர்ந்து எலி மரபணுப் பொறியியல் கூடம் ஒன்றை நடத்துகின்றன. வெளி நிறுவனங்களுக்கும் எலி செய்து தருகிறார்கள். முன்பு ஒரு மரபணுவை நீக்கிய எலியைப் பெற ஒன்றிரண்டு வருடம் ஆகும். ஸ்டெம் செல்லில் மாற்றம் செய்து, கருவில் கலந்து, கலப்பு எலி பிறந்து, அதன் குட்டிகளில் தேட வேண்டும். அந்த வழியைக் கண்டவர்களுக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2013 முதல் கிரிஸ்பர் கத்திரி வந்த பிறகு சில மாதங்களில் முடிகிறது. ஹைதராபாத்திலும் டெல்லியிலும் பெரிய எலிக் கூடங்கள் உள்ளன.

எலியே வேண்டாம் என்ற குரலும் வலுத்துவருகிறது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிபந்தனையை அமெரிக்கா 2022 இறுதியில் தளர்த்தியது. இந்தியா 2023-ல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, மனித செல்களில் வளர்த்த மாதிரிகளுக்கும் இடம் கொடுத்தது. கல்லீரல் விஷம் போன்ற கேள்விகளுக்கு அவை எலியைவிட நல்ல பதில் தரலாம். ஆனால் கூன் விழுவதையும் மூச்சு திணறுவதையும் பத்து வருடம் நடந்த கால் ஓய்வதையும் ஒரு கண்ணாடித் தட்டில் பார்க்க முடியாது.

டூஷேன் பையன்களின் பெற்றோர் கூடும் இடங்களில் ஒரு விஷயம் கவனத்துக்குரியது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத தாய்கூட மகனின் எக்ஸான் எண்ணைச் சொல்வார். நாற்பத்தைந்து போயிருக்கிறது, ஐம்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை இல்லை என்று ரேஷன் கார்டு எண் போல ஒப்பிப்பார். காரணம், பிழையுள்ள எக்ஸானைத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்துகள் 2016 முதல் அமெரிக்காவில் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டுமே பொருந்தும். முதலில் வந்தது எக்ஸான் 51-க்கானது. பையன்களில் சுமார் 13 சதவீதத்தினருக்குத்தான் உதவும். அதுவும் அவர்கள் தசையில் மிகச் சிறிதளவு டிஸ்ட்ரோஃபினையே வரவழைக்கிறது. மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை 50 லட்சம் ரூபாய்வரை உதவி தருகிறது. இந்த மருந்துகளின் விலைக்கு முன் அது எம்மாத்திரம்? டெல்லி உயர் நீதிமன்றம்வரை போன பெற்றோர் உண்டு.

எம்.டி.எக்ஸ். எலியின் பிழை எக்ஸான் 23-ல், ஒரே ஒரு எழுத்து. பையன்களின் பிழைகள் அதிகமாக விழுவது 45-க்கும் 55-க்கும் இடையில். அதுமட்டுமல்ல, மனித மரபணுவுக்கென்று எழுதிய மருந்து எலியின் மரபணுவில் ஒட்டாது. இதற்காக நெதர்லாந்தில் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் மனிதனின் டிஸ்ட்ரோஃபின் மரபணுவை, அதன் ராட்சத நீளம் முழுவதையும், எலியின் ஐந்தாவது குரோமோசோமில் பொருத்தினார்கள். 2008-ல் அதைப் பற்றி எழுதினார்கள். எலியின் சொந்த டிஸ்ட்ரோஃபின் இல்லாத எம்.டி.எக்ஸ்.ஸோடு அதை இணைசேர்த்தால் குட்டி மனித டிஸ்ட்ரோஃபினில் நடக்கிறது. பிறகு அந்த மனித மரபணுவில் எக்ஸான் 45 இல்லாத எலியை அமெரிக்காவிலும், எக்ஸான் 52 இல்லாத எலியை லைடனிலும் உருவாக்கினார்கள். தாய்மார்கள் ஒப்பிக்கும் அதே எண்கள் இப்போது எலிகளின் பெயரில் இருக்கின்றன. கம்பியில் தொங்கவிட்டு எத்தனை விநாடி பிடித்திருக்கின்றன என்று கணக்கெடுக்கிறார்கள்.